தொண்டை கட்டினால் மிளகுப்பால் போதுமா? ஆசிரியர்களின் குரல் ஏன் கம்முகிறது?

காலை முதல் பீரியடில் கணீரென்று இருக்கும் குரல் மதியத்துக்குள் கம்மிப்போகிறதா? ஞாயிறன்று தேறி, புதன்கிழமை மறுபடி கரகரக்கிறதா? நீங்கள் ஆசிரியர் என்றால், "இந்த வேலையில இதெல்லாம் சகஜம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சகஜம்தான். ஆனால், அப்படியே விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு சகஜம்?

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும், ஆசிரியர் அல்லாத 1,288 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது.

* ஆய்வு நேரத்தில் குரல் பிரச்னை இருந்தவர்கள்: ஆசிரியர்களில் 11%, மற்றவர்களில் 6.2%
* வாழ்நாளில் ஒருமுறையாவது வந்தவர்கள்: ஆசிரியர்களில் 57.7%, மற்றவர்களில் 28.8%

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

குரல்வளையில் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் மோதிப் பிரிவதால்தான் குரல் வருகிறது. பெண்களுக்கு இது நொடிக்குச் சுமார் 200 முறை. கணக்குப் போட்டால், குரல் ஒலிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 12,000 மோதல்கள். ஆண்களுக்கு இதில் ஏறக்குறைய பாதி.

சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். 1911-ல் இதைக் கவனித்துச் சொன்னவர் பெயரால் இது 'லொம்பார்ட் விளைவு' எனப்படுகிறது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் சொல்வது 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர். 50 பிள்ளைகள், மேலே கடகடக்கும் ஃபேன் என்றால் கத்தாமல் முடியுமா? மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவது மாதிரி, குரல் நாண்களிலும் சிறு முடிச்சுகள் வரும்.

ஆபரேஷன் வேண்டுமா?

இந்த முடிச்சுகளுக்கு வழக்கமாக முதல் சிகிச்சை கத்தி அல்ல, பயிற்சி. அதுதான் குரல் சிகிச்சை. மூச்சைச் சீராக விட்டுப் பேசுவது, கழுத்து இறுக்கத்தைத் தளர்த்துவது, ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று ஒலி எழுப்புவது போன்றவற்றை ஸ்பீச் தெரபிஸ்ட் சில வாரங்கள் சொல்லித்தருவார். பேசும் பழக்கம் மாறாவிட்டால், ஆபரேஷனுக்குப் பிறகும் முடிச்சு திரும்பலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

* வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்து, அடிக்கடி ஒரு மடக்குக் குடியுங்கள்.
* சிறிய மைக் பயன்படுத்துங்கள். ஆசிரியர்களுக்கு இது பலன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.
* அடிக்கடி செருமாதீர்கள். பதிலாக எச்சில் விழுங்குங்கள்.
* குரல் கம்மியிருக்கும்போது வலிந்து கிசுகிசுப்பதும் சுமைதான். பேச்சையே குறையுங்கள்.

மிளகுப்பால்? தாராளமாகக் குடிக்கலாம், தொண்டைக்கு இதம். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல் நாண்களைத் தொடுவதில்லை. முடிச்சை அது கரைக்காது.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

சளி, காய்ச்சலால் வந்த கம்மல் பெரும்பாலும் 2 வாரங்களில் சரியாகும். 3 வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புகைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குரல்வளைப் புற்றுநோயும் பல நேரம் வெறும் கரகரப்பாகவே தொடங்குகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். மைசூருவில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்திலும் குரல் சிகிச்சை உண்டு.