பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளின் உதிரி பாகங்கள்

பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளைப் புனருத்தாரணம் செய்வோர்க்கு உதிரி பாகம் எளிதில் கிடைப்பதும் கிடையாததும், வண்டியின் வயதைக் காட்டிலும், அவ்வகை வண்டிகள் எத்தனை வெளிவந்தன என்பதையும் இன்று எத்தனை பேர் அவற்றைப் பேணுகின்றனர் என்பதையுமே பெரிதும் பொறுத்திருக்கிறது. 1908 முதல் 1927 வரை 1.5 கோடி உற்பத்தியான ஃபோர்டு 'டி' மாதிரிக்கும், அதன்பின் வந்த 'ஏ' மாதிரிக்கும் வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவை இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஹட்சன் போன்று பெயரே மறைந்துபோன வண்டிகளுக்கோ ஒரு பின்விளக்கின் கண்ணாடிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஸ்டூடிபேக்கர் இதற்கு விசேஷமான விலக்கு. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் நகரத்து ஆலையில் வண்டி உற்பத்தி நின்றபோதிலும், அங்கே குவிந்திருந்த பாகங்கள் தனியார் வசம் சென்று பல தசாப்தங்கள் விற்பனையாகி வந்தன.

பெட்டி பிரிக்கப்படாத அசல் கம்பெனிச் சரக்கு, உடைத்து விற்கும் கிடங்குகளில் கழற்றியெடுத்தது, அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்தது என்ற மூவகையில் அசல் சரக்கையே பலரும் விரும்புவர். ஆயினும் ரப்பர் சம்பந்தப்பட்ட மட்டில் அந்த விருப்பம் அபாயகரமானது. அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த பிரேக் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பெட்ரோல் பம்பின் பழைய டயாஃப்ரமோ எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோலைத் தாங்காது. 1934-இல் தோன்றிய ஹாலண்டர் கையேடு, ஒரு வண்டியின் பாகம் வேறு எந்தெந்த வண்டிக்கு, எந்தெந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்பதைக் கூறுவதால், தேடுவோர்க்கு இன்றியமையாத துணையாயிற்று. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் அக்டோபர்தோறும் கூடும் சந்தையில், வேறெங்கும் அகப்படாத பாகங்களும் தரையில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும்.

எஞ்சின் பாகங்கள் அகப்படாவிடினும், தேர்ந்த கடைசல்காரரால் அவற்றைச் செய்து தர இயலும். குரோமிய அலங்காரப் பட்டைகள், வளைந்த கண்ணாடிகள், துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடிகள் ஆகியவற்றின் நிலை அதுவன்று. அக்கலவையில் ஈயம் முதலிய அசுத்தம் சேர்ந்திருப்பின் வார்ப்பு தானே உப்பி விரிசலிட்டுப் பொடிந்துவிடும். அதனை மீட்க வழியில்லை. ஆகையால் வண்டியை வாங்கும்போதே, ஓடுகிற எஞ்சினைக் காட்டிலும் குறைவற்ற அலங்காரப் பாகங்களையே மதித்து வாங்குதல் விவேகம்.

பாகத்தைப் பொருத்துவது தனிக் கலை. செவ்ரலே எஞ்சின் வார்ப்பில் காணும் எழுத்து மாதத்தைக் குறிப்பது. 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். அதனைத் தொடரும் எண்கள் நாளையும் ஆண்டையும் தெரிவிப்பதால், எஞ்சின் அந்த வண்டியின் காலத்ததுதானா என்று சோதிக்க முடிகிறது. 1955 ஃபோர்டும் 1956 ஃபோர்டும் தோற்றத்தில் நெருங்கியவையாயினும், முன்னதன் மின்சாரம் 6 வோல்ட், பின்னதன் மின்சாரம் 12 வோல்ட் ஆதலின், ஒன்றன் விளக்கோ ஜெனரேட்டரோ மற்றதற்கு உதவாது. கிரைஸ்லர் கம்பெனியின் பழைய வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி மரையுடையவை. அறியாதார் பலங்கொண்டு திருகிப் போல்ட்டையே முறித்துவிடுவதுண்டு. புதிதாகச் செய்த மட்கார்டுகளும் கதவுகளும் முதல் முயற்சியிலேயே ஒட்டிப் பொருந்துவது அபூர்வம். ஆலையிலேயே இடைவெளியைச் சரிசெய்ய மெல்லிய தகட்டுத் துண்டுகள் செருகப்பட்டன. கழற்றும்போது அவை இருந்த இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, வர்ணம் பூசுமுன் உடல் முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பார்த்தல் வேண்டும்.