காட்டுத்தீயும் களா கத்ரும்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பைக்காராவை எட்டுமுன் பிரியும் கிளைச்சாலை கிளென்மார்கனுக்கு இட்டுச் செல்கிறது. தேயிலைத் தோட்டம், சிறியதோர் அணை, அதற்கப்பால் மலையின் விளிம்பு. 1932-ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் தண்ணீர் இங்கிருந்துதான் இரும்புக் குழாய்களின் வழியே மலைச்சரிவில் பாய்ந்து, கீழே சிங்காராவிலுள்ள மின் நிலையத்தை அடைகிறது. விளிம்பில் நின்று நோக்குவார்க்கு முதுமலைக் காடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் விரித்த பாய்போல் தென்படும்.

மார்கழியிலும் தையிலும் இறங்கும் உறைபனி இம்மலைப் புல்லைக் கருக்கிவிடுகிறது. மாசி பிறந்துவிட்டால் அது வெறும் விறகே. தாழ்வாரக் காடுகளில் மூங்கிலும் உதிர்ந்த இலையும், ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் அவ்வாறே காய்ந்து நிற்கும். நம் நாட்டில் காடு தானே பற்றிக்கொள்வது மிக அரிது. மனிதக் கையே பெரும்பாலும் காரணமாகிறது. 2024 மார்ச்சில் குன்னூரை அடுத்த காட்டில் பற்றிய தீ பல நாள் எரிந்தது. சூலூரிலிருந்து விமானப்படையின் ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. தனியார் தோட்டமொன்றில் குப்பையைக் கொளுத்தியதில் தொடங்கிய தீ அது என்று வழக்குப் பதிவாயிற்று.

ஹெலிகாப்டர் எல்லா நாளும் வருவதில்லை. வருவோர் வனக் காவலரும், கோடைக்கென்று தற்காலிகமாக அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலருமே. அவர்களுள் பலர் இருளர், குறும்பர் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்கள். பச்சைத் தழைக்கொத்தால் தீயின் விளிம்பை அடித்து அணைப்பது, புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, வேண்டுமிடத்தில் எதிர்த்தீ மூட்டுவது ஆகியவையே அவர்கள் கைவசமுள்ள முறைகள். சமவெளியில் இது கடும் உழைப்பு என்ற அளவில் நின்றுவிடும். சரிவில் அது உயிரோடு விளையாட்டு. தீ மேல்நோக்கி ஏறும்போது தன் முன்னேயுள்ள புல்லைத் தானே சுட்டு உலர்த்திக்கொண்டு செல்லும். சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர் கணக்கு. மனிதனோ சரிவு கூடக்கூட மெல்லத்தான் ஏறுவான். கீழிருந்து தீயும் மேலே மனிதனும் என்ற நிலை வந்துவிட்டால், அந்தப் போட்டியில் வெல்பவர் எவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது அதுவே. அங்கு மாண்ட 23 பேரும் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயணைக்கச் சென்ற வனக் காவலர் மூவர் தீயின் நடுவே சிக்கி இறந்தனர். 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில், தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்களுள் நால்வர் அன்றே மடிந்தனர்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் எழும் சொல் ஒன்றுண்டு: அவர்கள் ஹயாத்து அவ்வளவுதான். மகனை இழந்த தாய் இதைச் சொல்லும்போது அது ஈமானின் சொல். அவள் உள்ளத்துக்கு அதுவே மருந்து. தீயில் மாண்டவருக்கு ஷஹீதின் தரம் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த நற்செய்தியும் அவளுக்குரிய ஆறுதலே. ஆயின் அதே சொல்லை, அந்த இளைஞனை ஏவியவரும் தீயை மூட்டியவரும் தம் வாயில் எடுத்துக்கொள்ளும்போது அது வேறு சொல்லாகிவிடுகிறது. களா கத்ரை நம்புவது வேறு. அதைப் போர்வையாக்கித் தம்மை மூடிக்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை ஆராய, உலகறிந்த பழைய நிகழ்ச்சி ஒன்றை இங்கு விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில், மான் பள்ளத்தாக்கு என்றோர் இடம். 1949 ஆகஸ்ட் 5 அன்று அங்கு மூண்ட தீயை அணைக்க, காட்டிலாகாவைச் சேர்ந்த 15 பேர் பாராசூட் கட்டி விமானத்திலிருந்து குதித்தனர். தரையிலிருந்த காவலர் ஒருவரும் சேர, 16 பேர் ஆயினர். பெரும்பாலோர் இருபதுகளைத் தாண்டாதவர்கள். கல்லூரி விடுமுறையில் கூலிக்கு வந்த மாணவர்களும் இருந்தனர். அவர்களிடமிருந்த ஒரே வானொலிக் கருவி, பாராசூட் விரியாமல் விழுந்து நொறுங்கிப் போயிற்று. எதிர்ச்சரிவில் எரிந்த தீ தங்களுக்கு வெகு தொலைவில் என்றெண்ணி, ஆற்றை நோக்கிக் கீழே நடந்தனர். தீயோ காற்றில் பறந்த பொறிகளால் பள்ளத்தாக்கைத் தாண்டி, அவர்களுக்குக் கீழே, அவர்கள் நின்ற சரிவிலேயே பற்றிவிட்டது. தலைவர் வாக்னர் டாஜ் அனைவரையும் திருப்பி மேல்நோக்கி ஓட்டினார். காலடியிலோ காய்ந்த புல்.

தீ நெருங்கிவிட்டது. அவ்வேளையில் டாஜ் செய்த செயல் எவரும் எதிர்பாராதது. ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து மேலே நகர்ந்ததும், அந்தச் சாம்பலில் நுழைந்து முகம் புதைத்துப் படுத்தார், மற்றவரையும் கூவியழைத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு கடந்தது. இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு நெருப்பு குளிர்ந்தது இறைவன் நிகழ்த்திய முஃஜிஸா. அதனோடு இதை ஒப்பிடுவார் உளரேல் தவறிழைக்கின்றனர். ஒருமுறை எரிந்த நிலம் உடனே மறுமுறை எரியாது என்ற உலகியல் அறிவே இது. புல்வெளிகளில் வாழ்ந்த அந்நாட்டுப் பழங்குடிகள் அறிந்திருந்த இம்முறை, காட்டிலாகாவின் அன்றைய பயிற்சியில் இடம்பெறவில்லை. ஆதலால் முன்னே தீ மூட்டி நிற்கும் தலைவரைக் கண்ட இளைஞர்கள், அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றெண்ணினரோ என்னவோ, அவரைக் கடந்து ஓடினர். பாறைப் பிளவொன்றைக் கண்டு ஏறிய இருவர் பிழைத்தனர். 13 பேர் இறந்தனர். இறந்தவருள் ஒருவரின் கைக்கடிகாரம் 5.56 மணியோடு நின்றுபோயிருந்தது. குதித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கவில்லை.

விசாரணை நடந்தது. தலைவரைப் பின்பற்றியிருப்பின் எல்லாரும் பிழைத்திருப்பர் என்றது குழு. மகனை இழந்த தந்தை ஒருவரோ, டாஜ் மூட்டிய தீயே என் பிள்ளையைக் கொன்றது என்று வாதிட்டார். இவ்விரண்டுக்கும் நடுவே உண்மை என்ன? அதைத் தேடப் புகுந்தவர் நார்மன் மக்லீன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். இளமையில் காட்டிலாகாவில் பணி செய்தவர். எழுபது வயதைக் கடந்தபின் தொடங்கிய இத்தேடலை 1990-ல் இறக்கும் வரை அவர் விடவில்லை. ‘இளைஞரும் தீயும்’ என்று பொருள்படும் பெயரில் அந்நூல் 1992-ல் வெளிவந்தது.

அரபு மத்ரஸாவில் ஹதீஸ் கலை ஓதிய நமக்கு, மக்லீன் சென்ற வழி அந்நியமாகத் தோன்றவில்லை. 1978-ல் அவர், பிழைத்த இருவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அம்மலை ஏறினார். எங்கு ஓடினீர்கள், எந்தப் பிளவில் ஏறினீர்கள், டாஜின் தீயை எங்கு கண்டீர்கள் என்று இடத்திலேயே நிறுத்திக் கேட்டார். அவர்கள் சுட்டிய இடங்கள் சில, மண்ணிலிருந்த தடயங்களோடு ஒத்துவரவில்லை. இருவரும் பொய்யர் அல்லர். ராவியின் நேர்மையாகிய அதாலத் வேறு, நினைவின் திட்பமாகிய ளப்த் வேறு என்று முஹத்திஸ்கள் வகுத்தது இதன் பொருட்டன்றோ! மெய்யே பேசும் மனிதரும் நினைவு பிசகுவர். ஆகவே ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லோடும், சொல்லைச் சுவடோடும் வைத்து நிறுக்க வேண்டும். மக்லீன் தீயியல் வல்லுநரிடம் சென்று, காற்றையும் சரிவையும் புல்லையும் கணக்கிட்டு, தீ ஓடிய வேகத்தையும் மனிதர் ஓடிய வேகத்தையும் இரு கோடுகளாக வரைந்து பார்த்தார். அக்கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் அந்த இளைஞர்கள் விழுந்து கிடந்தனர்.

இவ்வளவு துருவுவது விதியோடு வாதிடுவதாகாதா என்று கேட்பவர்க்கு, அபூதாவூதில் பதிவான நிகழ்ச்சியொன்றை நினைவூட்டுவோம். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் இல்லை என்றனர். குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய தவணை முடிந்தது என்று கூறி விட்டுவிடவில்லை. அவர்களே அவரைக் கொன்றுவிட்டனர் என்று கடிந்தார்கள்; அறியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். களா கத்ரை நமக்குக் கற்பித்தவர்களே அறியாமையால் நேர்ந்த சாவுக்குப் பொறுப்பாளிகளைச் சுட்டியிருக்க, நாம் மட்டும் வாய்மூடுவது எந்தப் பேணுதலின்பாற்படும்?

மான் பள்ளத்தாக்கின் சாவும் அதற்குப் பின் நேர்ந்த சாவுகளும் வீண்போகவில்லை. 1957-ல் அமெரிக்கக் காட்டிலாகா தீயணைப்போர்க்கென 10 கட்டளைகளை வகுத்தது. தப்பும் வழியை முதலில் அறிந்து வைத்துக்கொள்வது அவற்றுள் ஒன்று. எனினும் 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் தீயணைப்பாளர் 19 பேர் ஒருசேர மாண்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு விசாரணை நடத்தி, அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது, நன்று. அவை மலையேறுவோரைக் காக்கும். தழைக்கொத்தோடு சரிவில் இறங்கும் தினக்கூலி இளைஞன், காற்று எப்பக்கம் திரும்பும், எரிந்து கருகிய நிலம் எங்குள்ளது, எவ்வழியே விலகுவது என்பவற்றை எவரிடம் கற்றான்? அவனிடம் தொடர்புக் கருவி உள்ளதா? அவனை அனுப்புமுன் இவற்றைக் கேட்பதே நம் கடமை. ஜனாஸா வந்தபின் கேட்பது தாமதம்.

அவன் விலகி ஓடிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எவரேனும் நின்றாக வேண்டும். ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய காலத்து நிகழ்ச்சியை இங்குக் கருதலாம். அந்நாட்டை நோக்கி வந்த கலீஃபா உமர் (ரலி) ஸர்க் என்னுமிடத்தில் செய்தியறிந்து, பலரோடு கலந்தாய்ந்து, திரும்ப முடிவு செய்தார்கள். இறைவன் விதித்ததை விட்டு ஓடுகின்றீரோ என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடை தந்த கலீஃபா, இருபுறமும் சரிவுள்ள ஒரு பள்ளத்தாக்கையே உவமை காட்டினார்கள்: ஒருபுறம் பசுமை, மறுபுறம் வறட்சி, ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது விதியின்படியே. அபூஉபைதா (ரலி) தம் படையினரோடு அங்கேயே தங்கி, ஹிஜ்ரி 18-ல் (கி.பி. 639) அந்நோயிலேயே இறந்தார்கள். அவர்களுக்குப் பின் முஆத் (ரலி) பொறுப்பேற்று, அவர்களும் மறைந்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களைக் கூட்டி, இந்நோய் தீயைப் போலப் பற்றிப் படர்கிறது, மலைகளுக்குப் பிரிந்து செல்லுங்கள் என்று பணித்தார்கள். அவையிலிருந்த ஒருவர் அதை வன்மையாக மறுத்தும் அவர்கள் தம் முடிவை மாற்றவில்லை. மக்கள் மலைகளில் சிதறினர்; நோய் தணிந்தது. இச்செய்தி மதீனாவை எட்டியபோது உமர் (ரலி) அதனை வெறுக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர்.