கொழும்பில் இறையியற் கல்வியும் தமிழும்

கொழும்பு நகரிலே கிறிஸ்தவ இறையியலை உயர்கல்வியாகப் போதிக்கும் முயற்சி 1696ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. சுதேச இளைஞரைப் போதகராகவும் உபதேசிமாராகவும் பள்ளி ஆசிரியராகவும் பயிற்றுதற்பொருட்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் அவ்வாண்டில் அங்கு ஒரு செமினரியை நிறுவினர். அதற்கு ஆறாண்டு முன்னரே, 1690இல், யாழ்ப்பாணத்து நல்லூரில் ஒரு செமினரி அமைக்கப்பட்டிருந்தது. அது பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறைந்துபோக, கொழும்புக் கலாசாலை சிங்கள மாணவருக்கும் தமிழ் மாணவருக்கும் பொதுவாயிற்று. ஈழத்தில் உயர்கல்வி ஆங்கிலத்தின் வரவோடுதான் பிறந்ததெனக் கருதுவோர் இவ்வாண்டுகளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். தமிழ் மாணவனொருவன் கொழும்பிலே இறையியல் பயின்ற வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அம்மாணவன் தான் கற்றதைத் தமிழிற் சிந்திக்க எப்பொழுது இடம்பெற்றான் என்பது வேறொரு வினா. இக்கட்டுரை அவ்வினாவையே தொடர்ந்து செல்கின்றது.

ஒல்லாந்தர் செமினரியிலே இறையியலுக்கு வாயிலாக அமைந்தவை ஒல்லாந்து, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளாம். தாய்மொழி மக்களுக்குப் பிரசங்கம் செய்தற்கு வேண்டப்பட்டது. ஆராய்ச்சிக்கு வேண்டப்பட்டது ஐரோப்பாவின் மொழி. திறமை மிக்க மாணவர் சிலர் மேற்படிப்புக்காக ஒல்லாந்தின் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1736 முதல் 1740 வரை தேசாதிபதியாக விளங்கிய வான் இம்ஹொவ் இக்கல்வியில் தனி ஆர்வங் காட்டினார். இலங்கையின் முதல் அச்சியந்திரம் சமயநூல்களை வெளியிடத் தொடங்கியதும் அவர் காலத்திலேதான்.

செமினரி பயிற்றுவித்த மாணவர் எல்லாரும் கம்பனியார் எண்ணியவாறே அமைந்துவிடவில்லை. கொழும்புச் செட்டி மரபில் வந்த வில்லம் யூரியான் ஒந்தாச்சி ஒல்லாந்திலே இறையியல் கற்றுத் திரும்பிக் கொழும்பிற் போதகராகப் பணிபுரிந்தவர். தஞ்சாவூரிலிருந்து வந்த மருத்துவர் ஒருவரின் வழித்தோன்றல் அவர். 1758இற் கொழும்பிலே பிறந்த அவர் மகன் குவின்ற் ஒந்தாச்சி இளமையிலேயே ஒல்லாந்து சென்று உத்ரெக்ற் நகரிற் கற்றார். 1780களிலே அந்நகரில் எழுந்த மக்களாட்சிக் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரானார். கொழும்புப் போதகர் ஒருவரின் மகன் கம்பனியாரின் தாயகத்திலேயே அதிகாரத்தை எதிர்த்து நின்றமை, இக்கல்வி திறந்துவிட்ட வழிகள் எத்தகையன என்பதைக் காட்டப் போதுமானது.

தமிழின் நோக்கில் முதன்மை பெறுபவர் பிலிப்பு தெ மெல்லோ ஆவார். 1723இற் பிறந்து 1790இல் மறைந்த இவரும் கொழும்புச் செட்டி மரபினர். கொழும்புச் செமினரியிற் பயின்று போதகரானவர். இவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சாயிற்று. தரங்கம்பாடியிலே சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியிருந்தது. பப்ரிசியுஸ் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு 1772இல் வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் இடையே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தாமே செய்த மொழிபெயர்ப்புக் கொழும்பிலே தோன்றிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. செருமானியப் பாதிரிமார் முன்ஷிகளின் துணைகொண்டு செய்த பணியை இவர் தம் மொழியறிவைக் கொண்டே செய்தார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் சரித நூலான தமிழ் புளூட்டாக்கிலே இவருக்கு இடமளித்தார். நிகண்டுக்குச் செய்யுள் சேர்த்த புலவராகவும் இவர் அறியப்படுகின்றார். நிகண்டறிவும் கிரேக்க அறிவும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தன. இச்சேர்க்கையே இறையியற் கல்வியின் மெய்யான பயன் எனலாம். அது ஒரு பாடத்திட்டத்தின் விளைவன்று. அத்தகைய சேர்க்கையை எதிர்பார்த்துச் செமினரி நிறுவப்படவுமில்லை. அதனாற்போலும், தெ மெல்லோவுக்குப் பின் அவரை ஒத்த ஒருவர் அங்கிருந்து தோன்றவில்லை.

அதே காலத்திற் கத்தோலிக்க மக்கள் செமினரிக்குப் புறம்பே, ஒல்லாந்தரின் தடைச் சட்டங்களுக்கு அஞ்சி வாழ்ந்தனர். அவர்களுக்குக் கோவையிலிருந்து வந்த குருமாரே ஆசிரியர். அவருள் யாக்கோமே கொன்சால்வெஸ் (இவர் 1742இல் மறைந்தார்) சிங்களத்திலும் தமிழிலும் உரைநடை நூல்கள் எழுதினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மக்கள் கூடிக் கேட்கும் நூலாயிற்று. கலாசாலையும் பட்டமும் இல்லாத மக்கள் தமிழிலே இறையியலைக் கேட்டனர். கலாசாலை மாணவரோ அதனை இலத்தீனிற் கற்றனர். இம்முரண் பின்வந்த நூற்றாண்டுகளிலும் நீடித்தது.

1796இற் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. கம்பனி மறைந்தது, அதன் செமினரியும் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழரின் உயர்கல்விக்கு மையமாக விளங்கியது கொழும்பன்று. அது 1823இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியாகும். அதன் வரலாறு நன்கு அறியப்பட்டதாகலின் விரித்தல் வேண்டா. ஒரு செய்தி மட்டும் இங்கு பொருந்தும். 1855இல் வந்த அமெரிக்கத் தூதுக்குழு, ஆங்கில வழிக்கல்வி மிஷன் நோக்கத்துக்கு ஏற்ற பயனைத் தரவில்லையெனக் கருதியது, அச்செமினரியும் மூடப்பட்டது. உபதேசிமாரைத் தோற்றுவிக்கவேண்டிய கலாசாலை தாமோதரம்பிள்ளையைத் தோற்றுவித்தது. தமிழர் இதனைக் குறையெனக் கொள்ளார்.

கொழும்பிலே முகத்துவாரத்தில் 1851இல் ஆங்கிலிக்க ஆயர் சாப்மன் நிறுவிய புனித தோமையர் கல்லூரி குருத்துவ மாணவருக்கும் இடமளித்தது. கொட்டாஞ்சேனையிலே புனித லூசியாள் பேராலயம் எழுந்து கத்தோலிக்கரின் தலைமைக் கோயிலாயிற்று. ஆயினும் உயர் இறையியல் கற்கும் கத்தோலிக்க மாணவன் ஒன்றிற் கண்டிக்குச் செல்லவேண்டும், அன்றேல் உரோமைக்குச் செல்லவேண்டும். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில், 1893இல், கண்டியில் நிறுவப்பட்ட பாப்பரசரின் குருமடம் இந்தியா முழுமைக்கும் உரியதாயிருந்தது. 1955இல் அது புனே நகருக்கு மாறிற்று. அங்கும் ஆட்சி செய்தது இலத்தீனே.

தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை இந்நிலைமைக்குத் தக்க சான்றாகும். 1913இற் பிறந்த அடிகளார் 1931 முதல் 1934 வரை கொழும்புப் புனித பேர்நாட்டுக் குருமடத்தில் மெய்யியல் பயின்றார். பின்னர் உரோமையில் இறையியல் கற்று, கார்த்தேசுத் திருச்சபைக் குருமார் பற்றி ஆராய்ந்து கலாநிதியானார். சிப்பிரியன் காலத்து ஆபிரிக்காவைப் பற்றி அறிந்த அத்தமிழ்க் குரு தமிழிலக்கியத்தை ஆழக் கற்கத் தொடங்கியது அதன் பின்னரே, வடக்கன்குளத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலுமாம். குருமடத்தின் பாடத்திட்டத்திலே தமிழ் இருந்திருப்பின் அடிகளாருக்கு அந்தச் சுற்றுவழி நேர்ந்திராது. அச்சுற்றுவழியே தமிழுலகுக்கு ஆக்கமாயிற்றென்பது வேறு.

புரட்டஸ்தாந்து மாணவர் கடல் கடந்து பெங்களூருக்குச் சென்றனர். அங்கு 1910இல் அமைந்த ஐக்கிய இறையியற் கல்லூரியிற் கற்றவர் மெதடிஸ்தப் போதகர் டி. தி. நைல்ஸ். உலகத் திருச்சபைகளின் மன்றம் 1948இல் அம்ஸ்ரர்டாமிற் கூடியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர் அவர். செமினரி மாணவர் ஒரு காலத்திற் கேட்போராய்ச் சென்ற நாட்டிலே ஈழத்தமிழர் ஒருவர் உரைப்போராய் நின்றார், உரைத்தது ஆங்கிலத்தில்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது இறையியலுக்கென ஒரு பீடம் அமையவில்லை. பல சமயத்தார் வாழும் நாட்டில், அரசின் பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகம் ஒரு சமயத்தின் குருமாரைப் பயிற்றுதல் தகாதென்பது ஏற்கக்கூடிய நியாயமே. ஆனால் அதனால் இறையியல், வரலாறும் மெய்யியலும் இலக்கியமும் கற்கும் மாணவரிடமிருந்து பிரிந்துநின்றது. குருவாக விரும்புவோன் மட்டும் கற்கும் ஒரு தொழிற்கல்வியாக அது சுருங்கிற்று. இக்குறையை ஓரளவு போக்க முனைந்தவர் வணபிதா பீற்றர் பிள்ளை. அவர் 1954இற் கொழும்பில் நிறுவிய அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரி, பொதுநிலை மாணவருக்கும் கதவு திறந்தது.

1956இன் மொழிச் சட்டமும் 1960ஐ ஒட்டி நிகழ்ந்த பாடசாலைத் தேசியமயமும் திருச்சபைகளை உலுக்கின. சுயமொழியிற் கற்ற தலைமுறை ஆங்கில இறையியலைத் தொடரமாட்டாதென்பது தெளிவாயிற்று. 1963இற் பிலிமத்தலாவையில் ஆங்கிலிக்க, மெதடிஸ்த, பப்ரிஸ்த சபைகள் முதலியன கூடி நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி சிங்களத்தையும் தமிழையும் போதனா மொழிகளாகக் கொண்டது. செராம்பூர் மேற்பேரவையின் இறையியல் இளமாணிப் பட்டத்துக்கு அது மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் கத்தோலிக்க வழிபாடும் தமிழுக்கு மாறிற்று. இரு நூற்றாண்டுகளாக எழாத ஒரு சிக்கல் அப்பொழுது எழுந்தது. எத்தமிழ்?

ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கடவுள் மனிதனுக்கு இலவசமாக அளிக்கும் உதவியைப் பழைய கத்தோலிக்க நூல்கள் இஷ்டப்பிரசாதம் என்றன. புரட்டஸ்தாந்து வேதாகமம் கிருபை என்றது. புதிய இறையியலாளர் அருள் என்றனர். திருச்சடங்குகளைக் கத்தோலிக்கர் தேவதிரவிய அனுமானம் என்றும், மற்றையோர் சாக்கிரமெந்து என்றும் வழங்கினர். பின்னர் அருட்சாதனம் எனுஞ் சொல் வந்தது. சர்வேசுரன், தேவன், கடவுள் என்பனவும் அவ்வாறே. ஒரே வகுப்பிலிருந்த மாணவர் ஒரே பொருளை மூன்று பெயராற் சொல்லினர். அருள் எனுஞ் சொல்லிலே மற்றொரு நுட்பமும் உண்டு. அது சைவசித்தாந்தம் பல நூற்றாண்டுகளாகப் பண்படுத்திய சொல். ஆணவமலம், சத்திநிபாதம் முதலிய கருத்துக்களின் நடுவே அது வாழ்கின்றது. அச்சொல்லை ஆளும் மாணவன் அதன் சைவப் பொருளையும் அறிந்தே ஆளவேண்டும். ஆயர் குலேந்திரன் 1964இல் வெளியிட்ட ஆங்கில நூல் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கோட்பாட்டை ஒப்பிட்டு ஆராய்வது. தமிழ் மாணவருக்கு மிக வேண்டியதொன்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டமை அக்காலத்தின் இயல்பு.

இவ்விடத்திற் கொழும்பின் இரு தமிழ்ப் பகுதிகளை நோக்குதல் தகும். கொட்டாஞ்சேனையிலே பேராலயத்துக்கு அணித்தாக 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை சைவசமயப் பரீட்சைகளைத் தமிழில் நடத்திவந்துள்ளது. வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷன் இயங்குகின்றது. அதே ஆறாம் வட்டாரத்திலே ஹவ்லொக் வீதியில், மெதடிஸ்தப் போதகர் லின் டி சில்வா 1982இல் மறையும்வரை நடத்திய ஆய்வு நிலையம் அமைந்திருந்தது. கிறிஸ்தவத்துக்கும் பௌத்தத்துக்கும் இடையே அது நிகழ்த்திய உரையாடல் உலகறிந்தது. ‘டயலொக்’ என்னும் சஞ்சிகையை அவரோடு அலோசியஸ் பீரிஸ் அடிகளாரும் நடத்தினார். நாட்டின் பெரும்பான்மையினர் சமயத்தை நோக்கி அவ்வாய்வு சென்றதிலே வியப்பில்லை. ஆயினும் வெள்ளவத்தைத் தமிழ்க் கிறிஸ்தவனின் அயலவன் பெரும்பாலும் சைவன். அவனோடு பேசுதற்கு வேண்டிய இறையியல் அங்கு அதே அளவிற்கு வளரவில்லை. பிலிமத்தலாவையிற் கற்பித்த வெஸ்லி அரியராஜா போன்றோர் அத்துறையிலே பணிபுரிந்தனர். அவர் நூல்களும் ஆங்கிலத்திலேயே புகழ்பெற்றன.

1983 ஆடி வன்செயல் இவ்விரு பகுதிகளையும் தாக்கிற்று. பலர் வடக்கே சென்றனர். பலர் நாட்டைவிட்டே சென்றனர். பின்னர் போர்க்காலத்திலே வடகிழக்கிலிருந்து வந்தோரால் வெள்ளவத்தையிலே தமிழர் தொகை மீண்டும் பெருகிற்று. 1994இல் நிறுவப்பட்ட கொழும்பு இறையியற் செமினரி மும்மொழியிலும் பாடங்களை நடத்தலாயிற்று. 1696இன் பெயரையே அறிந்தோ அறியாமலோ அது மீளத் தாங்கியது.

பல்கலைக்கழகத்தினுள்ளும் மாற்றம் நிகழ்ந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதன் பின்னர் காலப்போக்கிலே கிறிஸ்தவ நாகரிகம் அங்கே தமிழிற் கற்பிக்கப்படும் பட்டப்பாடமாயிற்று, க.பொ.த. உயர்தரத்திலும் அது ஒரு பாடம். குருவாக விரும்பாத மாணவனும், கிறிஸ்தவனல்லாத மாணவனும் அதனைக் கற்கலாம். 1759இற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட கொழும்பில், அப்பாடத்தைத் தமிழிற் படித்துக் கலைமாணியாக விரும்புவோன் இன்றும் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ புறப்படவேண்டியவனாயிருக்கின்றான்.