எல்லை கடக்கும் கொடை

கிழக்கிலங்கையின் ஒலுவில், நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கத்து வயல்களில் சூடடித்துக் களவெட்டியில் நெல் குவிந்ததும், முஸ்லிம் விவசாயி ஸகாத் என்னும் கடமைக் கொடைக்குக் கணக்குப் பார்க்கிறார். விளைச்சல் குறித்த அளவை எட்டிவிட்டால், மழையை நம்பி விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், செலவு செய்து நீர் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் ஏழைகளுக்குப் போகவேண்டும். அது விவசாயி காட்டும் தயவு அல்ல, ஏழையின் உரிமை.

இந்த மண்ணில் வாழும் கிறிஸ்தவருக்கும் இது தெரிந்த பாடந்தான். வயலோரத்தை ஒட்ட அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது, அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியவை என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். இக்கட்டளை சொந்த இனத்து ஏழையோடு நின்றுவிடவில்லை. அதன் பயனைப் பெற்றவள் ரூத் என்னும் மோவாபியப் பெண். வேற்றினத்து விதவையான அவள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று, அரிக்கட்டுகளிலிருந்து கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடச் சொன்னார் போவாஸ். மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம் இயேசுவின் வமிச வரிசையில் அந்த ரூத்தின் பெயரையும் சேர்க்கிறது. அந்நியளுக்கு விடப்பட்ட கதிர் இரட்சகரின் குடும்ப வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது.

கிறிஸ்தவக் கொடையின் இலக்கணத்தை முழுமையாகக் காட்டுவது கி.பி. 50களில் பவுல் திரட்டிய நிதி. எருசலேமின் யூத விசுவாசிகள் வறுமையில் வாடினர். அவர்களுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பவுல் கை நீட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் யூதரல்லாதவர். இரு சாராருக்கும் இடையே சந்தேகமும் மனக்கசப்பும் இருந்த காலம் அது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம், 9ஆம் அதிகாரங்களில் பவுல் எந்த விகிதத்தையும் விதிக்கவில்லை. செல்வராயிருந்த கிறிஸ்து நமக்காக ஏழையானார் என்பதையே அளவாக வைத்தார். கடவுள் முந்திக்கொண்டு அன்பு செய்துவிட்டார், நமது கொடை அதற்கான மறுமொழி என்பதே அவர் வாதம். பணத்தின்மேல் ஐயம் எழாதிருக்கச் சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் அனுப்ப ஏற்பாடு செய்தார். தாம் கொண்டுபோகும் உதவி ஏற்றுக்கொள்ளப்படவேண்டுமே என்று மன்றாடும்படி உரோமருக்கு எழுதினார். கொடுக்கப் போகிறவரே பெறுகிறவரின் சம்மதத்துக்காக ஏங்குகிறார். இந்தப் பணிவு இல்லாத தருமம் பெறுபவரைச் சிறுமைப்படுத்திவிடும்.

நமது கிழக்குக் கரைக்கும் இத்தகைய கொடையின் வரலாறு உண்டு. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். கடற்பயணத்தில் மனைவியை இழந்தபின் தனியாக வந்தவர் அவர். பள்ளிக்கூடம் தொடங்கினார், ஓராண்டுகூட நிறைவதற்குள், 1815 ஏப்ரலில் இம்மண்ணிலேயே உயிர்நீத்தார். அவர் தொடங்கிய பணி வளர்ந்தது. ஒலுவிலுக்கு வடக்கே காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தான். அவன் கிறிஸ்தவனாகவில்லை. இராமகிருஷ்ண மடத்துத் துறவி சுவாமி விபுலாநந்தராகி, கிழக்கெங்கும் கல்விப்பணி செய்தார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இதை மிஷனின் தோல்வி என்று யாரேனும் எண்ணினால், அவர் ரூத்தின் கதையை வாசிக்கவில்லை. கைமாறு கேளாத கொடை, பெற்றவரைச் சுதந்திர மனிதராக விட்டுவிடும்.

இப்படிக் கொடுத்த இன்னொருவர் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த யேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளார். பல்லாண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டமும் கைத்தொழிலும் பயிற்றுவித்தவர். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி, கிழக்கு இரத்தத்தில் தோய்ந்திருந்த 1990 ஓகஸ்டில், 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வந்து சேரவேயில்லை. பிரிந்து கிடந்த ஊர்களுக்கு இடையே பயணம் செய்வதே அந்நாட்களில் உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அலை சமயம் பார்க்கவில்லை. ஆனால் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சமயத்தின் பெயராலேயே குண்டு வெடித்தது, சிறுவர்களும் மாண்டனர். குண்டுதாரிகளின் உடல்களைப் பள்ளிவாசல் மையவாடிகளில் அடக்க இடமளிப்பதில்லை என்று முஸ்லிம் மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அயலவர் பக்கம் நின்று பேசிய அந்த வார்த்தையை நாம் மறந்துவிடலாகாது. காயப்பட்ட சமூகம் பிறருக்குக் கொடுப்பது எளிதல்ல என்பது உண்மை. ஆயினும் பவுலின் நிதி திரண்டதும் கசப்பு ஆறிய பின்னர் அல்ல, கசப்பின் நடுவிலேதான்.

ஆகவே இதை வாசிக்கும் சபையாரிடம் ஒன்று கேட்கிறேன். காணிக்கையில் ஒரு பங்கைச் சபைக்கு வெளியே உள்ள அயலவருக்கென்று ஒதுக்குங்கள். கடலுக்குப் போக முடியாத மீனவரின் வீட்டு அடுப்புக்கும், பல்கலைக்கழகம் புகுந்த ஏழை மாணவியின் விடுதிச் செலவுக்கும் அது போகட்டும். பெறுபவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கவேண்டாம். துண்டுப்பிரசுரம் எதையும் கூட வைத்துக் கொடுக்கவும் வேண்டாம். கணக்கைச் சபை முன் வையுங்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வந்தால் மனமகிழ்ந்து வாங்கிக் குடியுங்கள்; வாங்கத் தெரியாதவரின் கொடையில் பெருமை கலந்துவிடும். நம்மவருக்குக் கொடுப்பது பாசம். அதை எல்லோரும் செய்கிறார்கள். நம்மவர் அல்லாதவருக்கும் அதே மனத்தோடு கொடுக்கும்போதுதான், தகுதி பாராமல் நம்மை நேசித்த கடவுளின் அன்பை அயலவர் நம்மிடம் காண்பார்.