கரைக்கு வந்த கார்



வெதுருகுப்பம் கடலைக் காணாத ஊர். சித்தூர் மாவட்டத்துக் குன்றுகளுக்கிடையே அமைந்தது. எனினும், 'குப்பம்' என்ற சொல் காதில் விழுந்தவுடன், சென்னைக் கரையோரத்து மீனவர் குடியிருப்புகள் நம்மிற் பலர் நினைவில் எழுகின்றன. கடலுக்கு எட்ட வாழ்வோருக்கே கடலின் மீது ஆசை மிகுதி போலும்! கொட்டகையில் உறங்கும் பழைய பந்தயப் பாணிக் கார் ஒன்றின் கூரையை அறுத்து, அலைச்சறுக்குப் பலகையை அதன்மேல் ஏற்றி, மணலில் ஓட்டிப் பார்க்கலாமே என்னும் ஆசையும் அத்தகையதே. அவ்வாசைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடமும் உண்டு.

கரைக்கேற்ற வாகனம் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. துறைமுகம் அமைவதற்கு முன்னர்ச் சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளை மசூலாப் படகுகள் கரை சேர்த்தன. அப்படகுகளில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தனர். அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்ததே அவற்றின் வலிமை. கடலின் இயல்பை அறிந்தவர்கள் செய்த வாகனம் அது.

மோட்டார் வண்டி கரைக்கு வந்த கதையிலும் படகு கட்டுவோன் ஒருவனே தலைவனாக நிற்கின்றான். 1958ஆம் ஆண்டில் இத்தாலியின் கியா நிறுவனம், சிறிய பியட் கார்களின் கதவையும் கூரையையும் நீக்கி, பிரம்பு இருக்கைகள் அமைத்து, 'ஜாலி' என்னும் பெயரில் விற்றது. அது செல்வர்களின் விளையாட்டு. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்ததோ வேறு. அவர் அலைச்சறுக்கு வீரர்; கண்ணாடியிழைப் படகு கட்டுவதில் வல்லவர். அவ்விழையாலேயே உடல் அமைத்து, எளிய வோக்ஸ்வாகன் காரின் எந்திரத்தைப் பொருத்தினார். பின்னர், அக்காரின் அடித்தளத்தைச் சுமார் 14 அங்குலம் குறுக்கி, அதன்மேல் உடலை ஏற்றும் முறை வந்தது. எந்திரம் பின்னால் இருந்தமையால் அதன் பாரம் ஓட்டும் சக்கரங்களை மணலில் அழுத்திப் பிடித்தது. 'மேயர்ஸ் மாங்க்ஸ்' எனப் பெயர் பெற்ற இவ்வண்டி, 1967இல் மெக்சிகோவின் பாலைநிலப் பந்தயத்தில் வென்றது. பலர் அதனைப் பார்த்துச் செய்தனர். மேயர்ஸ் பெற்ற காப்புரிமை வழக்கில் நிலைக்கவில்லை. எனினும் புகழ் அவருக்கே நின்றது. 2021இல் அவர் மறைந்தார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். மேயர்ஸ் கைவைத்தது, லட்சக்கணக்கில் உருவாகிய ஒரு வண்டியில், அரியதொன்றில் அன்று. நம் நிலை யாது? சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் 'ஹெரால்டு' காரைத் தயாரித்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே, 1962இல் இங்கிலாந்தில் 'ஸ்பிட்பயர்' என்னும் பந்தயப் பாணிக் கார் பிறந்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயம் கண்டவர்களுக்கு ஹெரால்டின் பெயர் அயலானதன்று. அவ்வண்டிகளைத் தயாரித்த நிறுவனம் இன்று இல்லை. எஞ்சிய ஒவ்வொரு வண்டியும் சென்னைத் தொழிலாளரின் கைத்திறனுக்குச் சான்றாகும்.

இரு கதவு கொண்ட ஹெரால்டின் கூரையை அறுக்க வேண்டியதில்லை. திருகாணிகளைக் கழற்றினாலே அது பிரியும். கழற்றியதை மீண்டும் பூட்டலாம். அறுத்ததை முன்போல் ஆக்க இயலுமோ? உடலும் சட்டமும் ஒன்றாகப் பிணைந்த பிற கார்களிலோ, கூரையை அறுத்தால் வண்டியின் உறுதியே குலையும். உப்பு நீரும் ஈர மணலும் இரும்பின் உட்புறத்தை அரிக்கும்; வெளிப்பூச்சு அதனை மறைக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பைத் தன்விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கின்றது. மேலும், ஆண்டின் முதன்மாதங்களில் நம் கரைமணலில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. சக்கரத்திற்கு அவை தெரியா.

ஆகவே, ஆசையுள்ளோர் பலகையைக் கூரைமேல் கட்டிக் கரையோரச் சாலைவரை செல்லட்டும்; வண்டியை அங்கே நிறுத்திவிட்டு மணலில் நடந்து செல்லட்டும். மசூலாப் படகைத் தைத்தவன் கடலுக்கேற்ற படகைச் செய்தான். மேயர்ஸ் மணலுக்கேற்ற வண்டியைச் செய்தார். சாலைக்கெனப் பிறந்த பழைய காரைச் சாலையிலேயே வாழவிடுவதும் அவ்வறிவின்பாற்பட்டதே அன்றோ?