சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள்: பழவேற்காடு

சென்னையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் 1639-ஆம் ஆண்டிலிருந்து, அதாவது ஆங்கிலக் கும்பெனியின் பிரான்சிஸ் டே மதராசபட்டினத்து மணலுக்கு உரிமைச் சாசனம் பெற்ற நாளிலிருந்து, கதையைத் தொடங்குவது வழக்கம். ஒதுங்க ஒரு குடாவும் இல்லாத அந்த மணலை ஆங்கிலேயர் ஏன் நாடினார்கள் என்று வினவிக்கொண்டு வடக்கே செல்பவர்கள் பொன்னேரியைக் கடந்து, சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காட்டில் அதற்கு விடை காண்பார்கள்.

வந்து இறங்கியதும் ஏமாற்றந்தான். கரையில் இழுத்து வைத்த படகுகளும், உலரும் வலைகளும், இறால் விலை பேசும் பெண்களும் தென்படுகிறார்களே அன்றி, மகாபட்டினம் ஒன்று இங்கே இருந்ததற்கான அறிகுறி எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. சிலிகாவுக்கு அடுத்தபடியாக பாரத தேசத்தின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு சமுத்திரத்துக்கும் ஏரிக்கும் நடுவே மதிலாக நிற்கிறது. அலை ஓயாத சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கேற்றிய தோணிகள் முகத்துவாரத்தினுள் புகுந்து அமைதியான நீரை அடைய முடிந்தது என்பதே இவ்வூரின் பாக்கியம்.

விஜயநகர மன்னர் காலத்திலேயே இதன் பிரசித்தி கடல் கடந்திருந்தது. இங்கிருந்து துணியும் செஞ்சாயம் ஏறிய நூலும் பர்மாவின் பெகுவுக்கும் மலாக்காவுக்கும் போயின. பெகுவின் மாணிக்கக் கற்கள் இங்கே வந்து இறங்கின. தமிழ் முஸ்லிம் மரக்கலத்தாரும் செட்டிமாரும் நடத்திவந்த அந்த வியாபாரத்தில் போர்த்துகீசியர் நுழைந்தனர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்தனர்.

ஒல்லாந்தர் தேடி வந்த பொருள் மிளகன்று, கிராம்பன்று. அவற்றை வாங்குவதற்கு வேண்டிய துணி. மொலுக்கத் தீவுகளில் வெள்ளி நாணயத்தைக் காட்டிலும் சோழமண்டலத்துச் சீலைக்கே மதிப்பு மிகுதி என்பதைக் கண்டுகொண்ட அவர்கள், விஜயநகர மன்னர் வேங்கடபதி தேவராயரிடம் 1610-இல் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர் 1612-இல் படையெடுத்து வந்து அதை அழித்துவிடவே, மறு ஆண்டில் எழுந்தது ஒல்லாந்தரின் ஜெல்திரியா கோட்டை. பழவேற்காட்டு வெடிமருந்து ஜாவாத் தீவின் பத்தாவியா வரை சென்றது. ஆயினும், அச்சுதப்ப செட்டியையும் அவர் தம்பி சின்னண்ண செட்டியையும் போன்ற பெருவணிகர்கள் நெசவாளருக்கு முன்பணம் தந்து துணி சேர்த்துக் கொடுத்திராவிட்டால் அந்தக் கோட்டையின் பீரங்கிகளால் ஒரு முழச் சீலையைக்கூட நெய்திருக்க இயலாது என்பதே என் அபிப்பிராயம்.

அந்தக் கோட்டையின் நிழலில் ஒரு விசித்திரமான நட்பும் வளர்ந்தது. 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்நாட்டு ஆசாரங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த நூல், அவர் மறைவுக்குப் பின் 1651-இல் லெய்டன் நகரில் அச்சேறியது. பர்த்ருஹரியின் சுபாஷிதங்களை ஐரோப்பா முதன்முதலாகப் படித்தது அதில்தான். கல்வியின் பொருட்டு இதைப் போற்றும்போதே மற்றொன்றையும் மறைக்கலாகாது: க்ஷாமமும் போரும் நாட்டை வாட்டிய ஆண்டுகளில், வயிற்றுக்கில்லாமல் தங்களையும் தங்கள் மக்களையும் விற்ற ஏழைகளை விலைக்கு வாங்கி, இதே துறையிலிருந்து கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பியவர்களும் அதே ஒல்லாந்தக் கும்பெனியார்தான்.

ஆங்கிலேயர் இங்கே ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கோட்டைச் செலவில் பங்கும் ஏற்று, 1621 முதல் இரண்டாண்டுகள் இருந்து பார்த்தனர், ஒத்து வரவில்லை. 1626-இல் ஏரியின் வடபுறத்துத் துர்க்கராஜபட்டினத்துக்குப் போயினர். அங்கும் நிலைக்காமல் தெற்கே திரும்பியதன் பயனே நம் சென்னை. ஒல்லாந்தரும் 1690-இல் தலைமைப் பீடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பின்னர் ஊர் பலமுறை கைமாறி, 1825-இல் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டை இன்று முட்புதர் மண்டிய ஒரு மேடு. சுற்றிலும் பழைய அகழி. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாண்டவர்களின் பெயரும் பதவியும் குலச் சின்னமும் கல்லில் அத்தனை நேர்த்தியாகப் பொறிக்கப்பட்டிருக்க, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

என் மனத்தை மிகவும் ஈர்த்தது மீனவர் குப்பங்களில் வழங்கும் 'பாடு' என்னும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், உரிமையுள்ள ஆடவர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் எவர் வலை கட்டுவது என்பதை முறை வைத்து நடத்துகிறார்கள். இறால் மிகுதியாக அகப்படும் முகத்துவாரத்து இடம் இன்று ஒரு குழுவுக்கென்றால் நாளை வேறொரு குழுவுக்கு; வழக்கு எழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பு. மரபுவழி உரிமை அற்றவர்களுக்கு இதில் இடமில்லை என்பதால் மனத்தாங்கல்களும் உண்டு. இருந்தபோதிலும், மூன்று ஐரோப்பியக் கொடிகள் ஒரு துறையைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ள அறியாமல் வெட்டிக்கொண்ட இடத்தில், இவர்கள் ஒரு நீர்ப்பரப்பைப் பங்கிட்டு உண்பதைக் காணும்போது வியப்பே மிஞ்சுகிறது.

முறை இருந்தும் மீன் வேண்டுமே! முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல்நீரும் வருவதில்லை, இறால் குஞ்சும் வருவதில்லை, படகும் வெளியேறுவதில்லை. அந்த வாயைத் தூர்வாரி, இருமருங்கும் கல்லடுக்கி நிலைநிறுத்த வேண்டும் என்பது குப்பத்தாரின் நெடுநாள் விண்ணப்பமாயிருந்தது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகங்கள் எழுந்து, ஆழ்ந்த நீரில் பெருங்கப்பல்கள் நிற்கும் இந்நாளில், கரையின் மணலோட்டம் மாறித் தங்கள் ஏரி பாழாகுமோ என்ற கவலையும் அவர்களுக்கு இருக்கிறது.

அடுத்த இதழில் ஏரியின் வடபுறம் சென்று, ஆங்கிலேயர் கோட்டை கட்டிக் கைவிட்ட துர்க்கராஜபட்டினத்தைக் காண்போம்.