கல்வராயன் மலைப் பாறைகளும் ஆக்சிசனின் தொல்வரலாறும்

கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணைக்கு மேற்கே உயரும் கல்வராயன் மலைத்தொடர் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல்லை முன்னிட்டு 1893இல் டி. எச். ஹாலண்ட் இப்பெயரைச் சூட்டினார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலவோட்டின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை இது. அன்றைய காற்றின் தன்மை குறித்து இதனிடம் நேரடிச் சான்று இல்லை.

அச்சான்றைத் தேடுவோர் மேற்கே சேலத்துக் கஞ்சமலைக்குச் செல்ல வேண்டும். அங்கு இரும்புத் தாதுவான மாக்னடைட்டும் குவார்ட்சும் மாறிமாறிப் பட்டைகளாக அமைந்துள்ளன. வில்லியம் கிங்கும் இராபர்ட் புரூஸ் ஃபுட்டும் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1864இல் வெளியிட்ட நூலில் இவ்விரும்புப் படுகைகளைப் பதிவுசெய்தனர். கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. பாறையின் வயதைக் கதிரியக்கத்தால் கணிக்கும் முறை அறியப்படாத காலம் அது. எனவே அவர்களுக்கு இப்படுகைகள் முதன்மையாகத் தாதுவளமே. அதற்கு முன்பே ஜே. எம். ஹீத் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டை ஆலையில் மரக்கரியிட்டு உருக்கியிருந்தார். இரும்போடு பிணைந்திருந்த ஆக்சிசனைக் கரி பிரித்தெடுப்பதே அவ்வேலையின் சாரம் என்பது இங்குக் கருதத்தக்கது.

அந்த ஆக்சிசன் எங்கிருந்து வந்தது? ஆதிக்கடலில் கரைந்திருந்த இரும்பை, நீலப்பச்சை நுண்ணுயிரிகள் ஒளிச்சேர்க்கையால் வெளியிட்ட ஆக்சிசன் துருவாக்கிப் படியச் செய்தது என்பது நெடுநாள் விளக்கம். ஆக்சிசனே இன்றி, ஒளியின் துணையால் இரும்பை நேரடியாக ஆக்சிசனேற்றும் நுண்ணுயிரிகளும் இன்று அறியப்பட்டுள்ளன. ஆகவே பட்டை இரும்பைக் கண்டவுடன் ஆக்சிசன் இருந்ததென முடிவுகட்டுவது பொருந்தாது. கஞ்சமலைப் பாறை பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மீள்படிகமானதால் சிக்கல் மேலும் கூடுகிறது.

கந்தக ஐசோடோப்புச் சான்றுகள் இதைவிட உறுதியானவை. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை வளிமண்டல ஆக்சிசன் இன்றைய அளவில் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு என அவை காட்டுகின்றன. உயிர்களோ அதற்கும் 100 கோடி ஆண்டுகள் முன்பே தோன்றிவிட்டன. அக்காலப் பூமியைத் தொலைவிலிருந்து நிறமாலையால் ஆய்ந்திருந்தால் ஆக்சிசன் தென்பட்டிருக்காது. உயிரற்ற கோள் என்றே அது ஒதுக்கப்பட்டிருக்கலாம். மறுபுறம், நீராவி புறவூதாக் கதிரால் பிளந்து ஐதரசன் விண்வெளிக்குத் தப்பிவிடும் கோளில், உயிரின் துணையின்றியே ஆக்சிசன் சேரக்கூடும்.